டர்பன் கல்லூரி ஆசிரியருக்கு எது ஒத்துவரும்: மூடில், கூகுள் கிளாஸ்ரூம், ஜூம், வாட்ஸ்அப்?

இணையவழிக் கற்பித்தலுக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், விற்பவர்கள் வசதிகளின் பட்டியலை நீட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் அந்தப் பட்டியலைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கருவி மாணவரின் டேட்டாவை எவ்வளவு தின்னும்? நடுவில் கரண்ட் போனால் எது மிஞ்சும்?

டேட்டா கதை நமக்குத் தெரிந்ததுதான். விலை அதிகம் என்று போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2020 ஏப்ரலில் செல்போன் நிறுவனமான வோடகாம் தன் 30 நாள் 1 ஜிபி திட்டத்தை 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறக்கியது. மினிபஸ் டாக்சிக்கே காசை எண்ணி எடுத்து வைக்கிற பிள்ளைக்கு 99 ரேண்டும் பெரிய காசுதான். அதே ஆண்டு ஊரடங்கில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி கொடுத்தன. அதில் பகலுக்கு 10, இரவுக்கு 20. நேரலை வகுப்பு அந்தச் சின்னப் பங்கில் கழியும். இறக்கிவைத்துப் பார்க்கும் பாடம் பெரிய பங்கில் போகும். எந்த முறையில் பாடம் நடத்த வேண்டும் என்பதை அந்தப் பங்கீடே பாதி முடிவு செய்துவிட்டது.

மின் பற்றாக்குறையால் முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் 2023இல் உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெருமளவு ஓய்ந்தது. ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் ஓயவில்லை. கரண்ட் நின்று சில மணி நேரம் ஆனால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். அப்போது ஃபோனில் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

மூடிலும் கூகுள் கிளாஸ்ரூமும்

பாடக் கோப்பு, ஒப்படைப்பு, தேர்வு எல்லாவற்றையும் இணையத்தில் ஓரிடத்தில் வைக்கும் கருவிகள் இவை இரண்டும். கூகுளின் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் பெரிய பலம். வகுப்பைத் திறந்து குறியீட்டை மாணவர்களிடம் கொடுத்து, கூகுள் டாக்ஸில் ஒரு ஒப்படைப்பைப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் பாடம் தொடங்கிவிடலாம். சர்வர், பேக்கப் என்று எந்தத் தொல்லையும் கிடையாது.

மூடிலின் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லை. அதற்காக இலவசம் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். சர்வருக்கு மாதா மாதம் காசு கட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும், அவற்றை ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அமைப்புப் பக்கங்களை முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். 2022இல் வந்த 4.0 பதிப்பு தோற்றத்தைக் கொஞ்சம் சீராக்கியது. மதிப்பெண் ஏடு மட்டும் இன்னும் ஆசிரியர்களை அழவைக்கிறது.

இத்தனை தொல்லை இருந்தும் என் ஓட்டு மூடிலுக்கே. காரணம் தேர்வு.

கிளாஸ்ரூமில் வினாடி வினா என்றால் கூகுள் ஃபார்ம்ஸ்தான். அதில் நேர வரம்பு வைக்கும் வசதி உள்ளே இல்லை. வெளியிலிருந்து ஆட்-ஆன் தேட வேண்டும். கூகுள் கணக்கில் நுழைந்து எழுதினால் பாதி எழுதிய விடைகளைச் சேமித்து வைக்கும், அது நல்ல வசதி. மூடில் வினாடி வினாவும் தானாகச் சேமிக்கும். வழக்கமான அமைப்பில் நிமிடத்துக்கு ஒரு முறை. கரண்ட் போன பிறகும் தேர்வுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாணவருக்கு மட்டும் கூடுதல் நேரமோ இன்னொரு வாய்ப்போ தனியாகக் கொடுத்துவிடலாம், மற்றவர்களின் தேர்வைத் தொட வேண்டாம். டர்பனின் ஒரு பகுதியான ஃபீனிக்ஸில் கரண்ட் இருந்து இன்னொரு பகுதியான சாட்ஸ்வர்த்தில் இல்லாத ஊரில் இந்த ஒரு வசதிக்காகவே மூடிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூடில் செயலியில் இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் அனுமதித்திருந்தால், நேர வரம்பு இல்லாத வினாடி வினாவை மாணவர் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு, வீட்டில் இணைப்பே இல்லாமல் எழுதி, மறுநாள் வளாகத்துக்கு வந்ததும் அனுப்பலாம். பயிற்சித் தேர்வுகளை நான் இப்படித்தான் வைக்கிறேன். கிளாஸ்ரூமில் டிரைவ் கோப்புகளை ஆஃப்லைனில் வைத்துப் படிக்கலாம். ஃபார்ம்ஸுக்கு இணைப்பு வேண்டும்.

தமிழ் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு நுணுக்கம். குறுவிடைக் கேள்வியில் ஒரு மாணவர் ‘தமிழ்ப்பள்ளி’ என்று எழுதுவார், இன்னொருவர் நடுவில் இடம் விடுவார், மூன்றாமவர் ஒற்றை விட்டுவிடுவார். ஃபார்ம்ஸில் ஏற்கத்தக்க விடைகள் ஒவ்வொன்றையும் நீங்களே முன்கூட்டி அடித்து வைக்க வேண்டும். மூடிலில் ‘தமிழ்*பள்ளி’ என்று நட்சத்திரக் குறி போட்டால் மூன்றையும் ஒரே வரியில் பிடிக்கலாம். ஒற்றை விட்ட விடைக்கு மட்டும் முக்கால் மதிப்பெண் என்றும் வைக்கலாம். பொறியியல், கணக்கியல் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் கணக்கீட்டு வினா: ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் மாறி வரும், விடையைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும்.

கடைசியாக, வினா வங்கியை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா என்பது. மூடிலில் கேள்விகளை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி வேறொரு மூடிலில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஒப்பந்த ஆசிரியராக ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிளாஸ்ரூம் கல்லூரி கொடுத்த கணக்கில் இருக்கிறது. வேலை முடிந்த அன்று கணக்கை மூடினால், முன்பே நகல் எடுக்காதவர் கையில் எதுவும் இராது. இந்தப் பக்கத்தில் மூடில் தெரிந்திருப்பது மாணவருக்கும் உதவும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகமான யுனிசா மூன்றும் மூடிலைத்தான் வைத்திருக்கின்றன. யுனிசா முன்பு சகாய் என்ற இதே மாதிரி மென்பொருளில் இருந்து மூடிலுக்கு வந்தது.

மூடிலைப் போன்ற மற்ற மென்பொருள்களான கேன்வாஸ், பிளாக்போர்டு பற்றிச் சுருக்கமாக. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் கேன்வாஸுக்குப் போனது, பிரிட்டோரியா பல்கலைக்கழகம் பிளாக்போர்டில் இருக்கிறது, கேப்டவுன் பல்கலைக்கழகம் சகாயை விட்டு பிரைட்ஸ்பேஸுக்கு மாறியது. இவையெல்லாம் நிறுவனம் வாங்குகிறவை. ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறவை அல்ல. பார்வைக்கு கேன்வாஸ்தான் எல்லாவற்றிலும் அழகு.

நேரலை: ஜூம், மீட், பிக்புளூபட்டன்

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துபோகும். கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம் தரும். ஆனால் நிமிடக் கணக்கைவிட எம்பி கணக்குதான் முக்கியம். ஜூமில் பல பேர் வீடியோவோடு கூடினால் மணிக்கு 800 எம்பியும் அதற்கு மேலும் போகும். அதே பாடத்தை முன்பே பதிவு செய்து, பட்டியலில் வராத காணொளியாக யூடியூபில் போட்டால், மாணவர் 144பிக்கு இறக்கிக்கொண்டு மணிக்கு 100 எம்பிக்குள் பார்த்து முடிக்கலாம். பலகையில் எழுதியது மங்கலாகத் தெரியும், எனவே எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். ஜூம் பதிவை அப்படியே எம்பி4 கோப்பாக மூடிலில் ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம்: தரத்தைக் குறைக்கும் வழியே மாணவருக்குக் கிடைக்காது.

பிக்புளூபட்டனை இங்கே பலர் கவனிப்பதில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த திறமூலக் கருவி, மூடில் 4.0 முதல் அதன் இணைப்பு மூடிலோடு சேர்ந்தே வருகிறது. ஸ்லைடுகளைத் திரை வீடியோவாக ஓட்டாமல் பக்கம் பக்கமாக அனுப்புவதால், கேமராவை அணைத்துவிட்டால் டேட்டா வெகுவாக மிச்சமாகும். குறை என்னவென்றால் அதற்கென்று பலமான தனி சர்வர் வேண்டும். சின்னக் கல்லூரியின் மலிவு ஹோஸ்டிங்கில் ஓடாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் உங்கள் கல்லூரி ஏற்கெனவே கொடுத்திருந்தால் பயன்படுத்துங்கள். பழைய, நினைவகம் குறைந்த ஃபோன்களில் அந்தச் செயலி திணறுகிறது என்பதால் நானாகத் தேடிப் போக மாட்டேன்.

எதுவானாலும் நேரலையைச் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆசிரியர் மட்டும் பேசுவதைக் கேட்க ஒரு பிள்ளையின் பகல் டேட்டாவைக் காலி செய்வது நியாயமில்லை.

வாட்ஸ்அப்பை எங்கே நிறுத்துவது

மாணவர்களைப் போய் எட்டுவதில் வாட்ஸ்அப்பை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப்புக்கென்றே தனி டேட்டா திட்டங்கள் விற்கிறார்கள். ஏர்டைம் தீர்ந்த பிள்ளையிடம்கூட அது இருக்கும். பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டு மூன்று எம்பிக்குள் அடங்கிவிடும். மொழிப் பாடத்துக்கு இது வரம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ழகரமும் றகரமும் மாணவர் வாயில் எப்படி வருகின்றன என்பதை எந்த வினாடி வினாவும் சொல்லாது. ஒரு குரல் பதிவு சொல்லிவிடும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதிவரும் கட்டுரையை நம்பி மதிப்பெண் போட யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கும் வாய்மொழி விடை ஓரளவு மாற்று. கேட்டு முடிக்கத்தான் ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஆனால் மதிப்பெண்ணும் ஒப்படைப்பும் வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது, அதில் மதிப்பெண் பட்டியலையும் போட்டால் சட்டச் சிக்கலை நீங்களே வரவழைப்பதாகும். இன்னொன்று, குழுவில் போட்ட கோப்பு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். “அண்ணா, அந்த பிடிஎஃப்பை மறுபடி அனுப்புங்களேன்” என்று வாரத்துக்கு இருவராவது கேட்பார்கள். டெலிகிராமில் இந்தத் தொல்லை குறைவு, தாமதமாகச் சேர்ந்தவரும் பழைய கோப்புகளைத் தேடி எடுக்கலாம். மாணவர்கள் அங்கே இல்லையே, என்ன செய்ய?

பாடப்பொருளுக்கு எங்கே போவது

கல்லூரிப் பாடங்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸும் என்பிடெலும் இரண்டு வேறு குணம். ஓப்பன்ஸ்டாக்ஸ் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் வெளியிடும் முழுப் பாடநூல்கள். பெரும்பாலானவை திறந்த உரிமத்தில் இருப்பதால் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் வெட்டி, எடுத்துக்காட்டுகளை ரேண்டுக்கு மாற்றி, மூடிலில் ஏற்றலாம். என்பிடெல் இந்திய ஐஐடிகளின் காணொளி விரிவுரைகள். பொறியியலில் ஆழம் அதிகம், சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் காணொளி என்றாலே மறுபடி டேட்டா. எனவே மாணவருக்குப் பாடநூல், ஆசிரியருக்கு என்பிடெல் என்று பிரித்துக்கொள்வேன். பள்ளிக் கணிதத்திலேயே தடுமாறும் முதலாண்டு மாணவர்களுக்கு நம் நாட்டு சியாவுலாவின் பாடநூல்களைக் கொடுங்கள். இங்குள்ள பாடத்திட்டப்படியே எழுதப்பட்டவை, கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கு வந்தால் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் மொழி வகுப்பு கோயில்களின், சங்கங்களின் வார இறுதி உழைப்பில்தான் நடக்கிறது. 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். சென்னையின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இல் இப்படி வெளிநாடுகளில் வாழும் தமிழர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. மழலைக் கல்வி முதல் பட்டம் வரை படிநிலை உண்டு. எழுத்து அறிமுகத்துக்கு அதன் ஒலி, ஒளிப் பாடங்கள் நன்று. ஆனால் மேல்நிலைகளில் விளக்கமும் தமிழிலேயே வருவதால் நம் மாணவர் பாதியில் நின்றுவிடுகிறார். அங்கே நீங்கள்தான் ஆங்கிலக் குறிப்பு எழுதிச் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து மாலை 6 மணிக்கு யாராவது நேரலை நடத்தினால் இங்கே பகல் 2.30; வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவாது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பாடம் நடத்தாது. நூலை மட்டும் கொடுக்கும். திருக்குறளோ தேவாரமோ யூனிகோடு உரையாகக் கிடைப்பதால் ஒரு பதிகத்தை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில கேபிதான் ஆகும். கோயிலில் கேட்டுப் பழகிய பாட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கவைப்பது நம் பெரியவர்களிடம் நன்றாக எடுபடுகிறது. தொடக்க நிலைக்குக் கல்விக்கழகம், அடுத்த நிலைக்கு மதுரைத் திட்டம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கடைசியில் எதை எடுப்பது? சங்கத்திலோ கோயிலிலோ வார இறுதியில் சில பேருக்குச் சொல்லிக்கொடுப்பவர் சர்வர் பக்கமே போக வேண்டாம். வாட்ஸ்அப்பும் கூகுள் ஃபார்ம்ஸும் போதும், மதிப்பெண்ணைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். தனியார் கல்லூரியில் ஒரே ஒரு பாடம் நடத்துபவருக்கு கிளாஸ்ரூம் போதும், கேள்விகளின் நகல் மட்டும் சொந்தக் கணினியிலும் இருக்கட்டும். இரண்டு மூன்று பாடங்கள், நூற்றுக்கு மேல் மாணவர்கள், பருவத்தேர்வு என்று இருக்கும் டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் மூடிலுக்குப் போகலாம். முதலில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பிடியுங்கள், அப்புறம் மென்பொருள். மாற்றுவதாக இருந்தால் டிசம்பர் விடுமுறையில் மாற்றிவிடுங்கள். பிப்ரவரியில் முதலாண்டுப் பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.