எஸ்பிஎஃப் பதிவில் ‘பிளஸ் ஆல்’ போடச் சொன்னால் போடாதீர்கள்: ரூ. 1,84,000 போன அனுபவம்

கோவையில் மோட்டார் பம்புகளுக்கான மெக்கானிக்கல் சீல் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. சொந்த டொமைனில் ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறோம். அதற்கு வருவதெல்லாம் என் ஜிமெயில் கணக்குக்கு ஃபார்வர்ட் ஆகும்படி, டொமைனை விற்ற ஹோஸ்டிங் நிறுவனமே அமைத்துக் கொடுத்திருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் சொன்ன யோசனையை நாளை உங்களிடம் வேறொருவர் சொல்லலாம். அடையாளம் தெரிந்திருக்க வேண்டியது அந்த யோசனைதான்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் சரிபார்ப்பு விதிகளை இறுக்கின. அதன்பின் சில மாதங்களிலேயே, “ஆர்டர் அனுப்பி ஒரு வாரம் ஆயிற்று, பதிலே இல்லையே” என்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தமக்குத் திரும்பி வந்த அஞ்சலைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் 550-5.7.26 என்ற எண்ணும், அனுப்பியவர் யார் என்பது உறுதிப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தன.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. மின்னஞ்சலுக்கு, தபாலைப் போலவே, வெளியே ஓர் உறையும் உள்ளே ஒரு கடிதமும் உண்டு. நம் கண்ணில் படுவது கடிதத்தின் தலைப்பில் உள்ள ‘ஃப்ரம்’ முகவரி மட்டுமே. மின்னஞ்சல் அனுப்புவதற்காக 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில், அந்த இரண்டு இடத்திலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். இந்த ஓட்டையை அடைக்க வந்த ஏற்பாடுகளில் ஒன்று எஸ்பிஎஃப். ‘என் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று டொமைனின் உரிமையாளர் டிஎன்எஸ் என்ற, யாரும் பார்க்கக்கூடிய இணையப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். பெறும் சர்வர், உறையில் உள்ள டொமைனை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஃபார்வர்டிங் இடறுவது இங்கேதான். வாடிக்கையாளர் அனுப்பிய அஞ்சல் எங்கள் ஹோஸ்டிங் சர்வர் வழியாக ஜிமெயிலுக்குப் போகும்போது, கதவைத் தட்டுவது ஹோஸ்டிங் சர்வர். வாடிக்கையாளரின் பட்டியலிலோ அந்த சர்வர் இல்லை. ஆகவே ஒழுங்கான அஞ்சலும் போலியைப் போலவே தெரிகிறது.

இத்தகைய இடத்தில் கைகொடுக்க வேண்டியது, அனுப்பும் சர்வர் அஞ்சலில் இடும் டிகிம் என்ற டிஜிட்டல் கையொப்பம். அது அஞ்சலோடு ஒட்டியே பயணிப்பதால், எத்தனை சர்வர் கைமாறினாலும், உள்ளடக்கத்தை யாரும் தொடாதவரை செல்லுபடியாகும். எங்கள் ஹோஸ்டிங் சர்வரோ, ஃபார்வர்ட் ஆகும் ஒவ்வோர் அஞ்சலின் அடியிலும் ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக அந்த வரியைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். கையொப்பத்தை முறித்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை வரிதான்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்தபோது பேசியவர், “சார், உங்க எஸ்பிஎஃப் ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கு, கடைசியில் இருக்கிற மைனஸ் ஆல்-ஐ பிளஸ் ஆல்-னு மாத்திடறேன், எல்லாம் வந்துடும்” என்றார். நானும் சம்மதித்தேன். நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் போடப்பட்டது. எங்களுக்கு வரும் அஞ்சல்களின் சிக்கலுக்கும், எங்கள் பெயரில் வெளியே போகும் அஞ்சல்களைக் காக்கும் பதிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘மைனஸ் ஆல்’ என்றால், பட்டியலில் இல்லாத எந்த சர்வருக்கும் அனுமதி இல்லை என்று பொருள். ‘பிளஸ் ஆல்’ என்பதன் பொருள், உலகில் உள்ள எந்த சர்வரும் எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம், அதை நாங்களே அங்கீகரிக்கிறோம் என்பதாகும்.

ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து மதுரையில் உள்ள எங்கள் டீலர் அழைத்து, “அண்ணே, புது அக்கவுண்டுக்கு 1,84,000 போட்டுட்டேன், ரசீது எப்ப வரும்?” என்றார். எங்களுக்குப் புதுக் கணக்கு எதுவும் கிடையாது. தணிக்கை காரணமாக வங்கிக் கணக்கு மாறியிருப்பதாகவும், பாக்கித் தொகையைப் புதுக் கணக்கில் செலுத்துமாறும், எங்கள் முகவரியிலிருந்தே, ஓர் எழுத்தும் பிசகாமல், அவருக்கு அஞ்சல் போயிருந்தது. பதில் போய்ச் சேரும் ‘ரிப்ளை-டு’ மட்டும் வேறொரு முகவரி. அவர் பதில் எழுதி உறுதி கேட்டபோது, உறுதி சொன்னவரும் அந்த மோசடிக்காரரே.

டீலர் கவனமில்லாதவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன்பு, கணினி படித்த அவருடைய மகன் ஜிமெயிலில் அஞ்சலின் மூல விவரங்களைக் காட்டும் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பார்த்திருக்கிறான். எஸ்பிஎஃப் என்ற வரிக்கு எதிரே ‘பாஸ்’ என்று இருந்திருக்கிறது. “அவங்க அனுப்பினதுதான்பா” என்று அவன் சொன்னதில் என்ன பிழை? ஃப்ரம் டொமைனோடு பொருந்தும்படி எஸ்பிஎஃப்போ டிகிமோ தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் பதிவு டிமார்க். நாங்கள் அதை ‘ரிஜெக்ட்’ (மறுத்துவிடு) என்று வைத்திருந்தாலும் அந்த அஞ்சல் நின்றிருக்காது. உறையிலும் தலைப்பிலும் எங்கள் டொமைனே இருந்து, எஸ்பிஎஃப்பும் தேறிவிட்டால், டிமார்க்கும் தேறிவிடும்.

பணம் போய் நான்கு நாள் ஆன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இணையவழிப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அதற்குள் அந்தக் கணக்கு காலியாகிவிட்டிருந்தது. டீலர் பணம் அனுப்பிய படிவத்தில் எங்கள் பட்டறையின் பெயர்தான் இருந்தது. கணக்கு எண்ணோ வேறொருவருடையது. பணம் எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்பட்டது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்புவோர் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தருமாறு ரிசர்வ் வங்கி பின்னர் உத்தரவிட்டது. இப்போது அது இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள். இழப்பை நானும் டீலரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். பன்னிரண்டு வருடப் பழக்கம் என்பதால் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

ஹோஸ்டிங் நிறுவனம் செய்திருக்க வேண்டியது இரண்டே வேலை: அந்த வைரஸ் வரியை நீக்குவது, ஃபார்வர்ட் செய்யும்போது உறையின் முகவரியைத் தன் பெயருக்கு மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் முறையை இயக்குவது. இரண்டுமே அவர்களுடைய சர்வரில் உள்ளவை. என் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. எஸ்ஆர்எஸ் மட்டும் இருந்தாலும் போதாது, ஏனெனில் உறையின் டொமைன் மாறிவிட்டால் அது ஃப்ரம் முகவரியோடு பொருந்தாது. கடுமையான டிமார்க் வைத்திருப்பவர்களின் அஞ்சலுக்கு முறியாத டிகிம் வேண்டும்.

நான் ஃபார்வர்டிங்கையே கைவிட்டுவிட்டேன். டொமைனுக்கென்று தனி அஞ்சல்பெட்டி வாங்கி, கைப்பேசியில் அதை நேராகத் திறந்து படிக்கிறேன். மாதச் செலவு இரண்டு வேளை டிபனுக்கு ஆகும் காசு. எஸ்பிஎஃப்பில் அந்த ஒரு சர்வர், கடைசியில் மைனஸ் ஆல், டிகிம் உண்டு, டிமார்க் முதல் மாதம் ‘நன்’ (எந்த நடவடிக்கையும் வேண்டாம்) என்று இருந்தது, அறிக்கைகளைப் பார்த்தபின் ‘ரிஜெக்ட்’ ஆக்கினேன். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரி எழுதப்பட்டிருக்கும் இடமான, உங்கள் டொமைனின் டிஎக்ஸ்டி பதிவுகளை இன்றே திறந்து, எஸ்பிஎஃப் வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். கூட்டல் குறி இருந்தாலும், குறியே இல்லாமல் ‘ஆல்’ என்று மட்டும் இருந்தாலும், பொருள் ஒன்றுதான்.