இருபது டாலர் சில்லறை, முக்கால் மணி நேரம்: எல் கோர்டெஸின் காசு மிஷின்கள்

லாஸ் வேகாஸ் போய் வந்தவர்கள் வழக்கமாக எழுதும் பெரிய ஹோட்டல், நீரூற்று, ஷோ எதுவும் இதில் கிடையாது. ஃப்ரீமான்ட் தெருவில் உள்ள எல் கோர்டெஸ் காசினோவில் நான் போனபோது நிஜக் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மிஷின்கள் சில இருந்தன, அவற்றைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன். ஐந்துக்கு நான்கு ஸ்டார். போன ஒரு ஸ்டார் என் சட்டைக்காக, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சில்லறை வாங்க வேண்டும். இருபது டாலர் நோட்டை நீட்டினால் காகிதத்தில் சுற்றிய இரண்டு ரோல் குவார்ட்டர் (25 சென்ட் காசு) கொடுப்பார்கள், ரோலுக்கு 40 வீதம் 80 காசு. ஒரு குவார்ட்டர் 5.67 கிராம், ஆக மொத்தம் கிட்டத்தட்ட அரைக்கிலோ. கையில் வாங்கியவுடனே 'இவ்வளவு பணமா' என்று தோன்றும். அதே இருபதை நோட்டாகப் பையில் வைத்திருந்தபோது அப்படித் தோன்றவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். காசு உள்ளே உருண்டு போகும் சத்தம் கேட்கும், கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுற்றி ஒவ்வொன்றாக டக் டக் என்று நிற்கும், ஜெயித்தால் கீழே இருக்கும் இரும்புத் தட்டில் காசு கொட்டும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் போனதே. எட்டுக் காசு விழுந்தால்கூட மூன்று இருக்கை தள்ளி இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். எட்டுக் காசு என்றால் வெறும் இரண்டு டாலர்தான், ஆனால் அந்த நிமிஷம் நீங்கள்தான் ராஜா. விழுந்ததைப் பிளாஸ்டிக் கப்பில் அள்ளிப் போடுவீர்கள், பாதியைத் திரும்ப மிஷினுக்கே கொடுப்பீர்கள். இப்படியே எனக்கு முக்கால் மணி நேரம் ஓடியது. இருபதும் போய்விட்டது, அது எதிர்பார்த்ததுதான்.

இதற்கு முந்தைய நாள் இரவு வேறொரு பெரிய காசினோவில் (பெயர் வேண்டாம்) அதே இருபது டாலரை ஒரு 'பென்னி' மிஷினில் விட்டேன். பெயர்தான் பென்னி, அதாவது ஒரு சென்ட், ஆனால் ஒரு சுற்றுக்குக் குறைந்தபட்சம் 88 சென்ட். பட்டனை அழுத்த அழுத்தத் திரையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது, இரண்டு நிமிஷம்கூட இருக்காது, மீதி 63 சென்ட் என்று ஒரு டிக்கெட் துப்பியது. துப்பும்போது காசு கொட்டும் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டது பாருங்கள், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பணம் தரும் இயந்திரத்திடம் போனால் அது முழு டாலர் மட்டும்தான் தருமாம், சில்லறை வேண்டுமென்றால் கேஷியர் வரிசையில் நிற்க வேண்டும். 63 சென்ட்டுக்காக யார் நிற்பது? அப்படியே பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2011இல் வந்த சட்டப்படி, கெடு முடிந்தும் மாற்றாத டிக்கெட் பணத்தில் 75 சதவீதம் மாநில அரசுக்கு, மீதி காசினோவுக்கு. ஆக நெவாடா வளர்ச்சிக்கு என் பங்கு 47 சென்ட்.

மற்ற காசினோக்களில் காசு மிஷின்களை எடுத்துவிட்டு டிக்கெட் மிஷின்களை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், காசினோ பக்கம் நின்று பார்த்தால் நியாயம் இருக்கிறது. பணம் கொடுக்கும் ஹாப்பர் (மிஷினுக்குள் இருக்கும் காசுத் தொட்டி) காலியானால் ஓர் ஆள் பை நிறையக் காசோடு வந்து கொட்டி நிரப்ப வேண்டும், அதுவரை மிஷின் சும்மா நிற்கும். காசு சிக்கினால் மெக்கானிக் வர வேண்டும். எண்ணுவதற்குத் தனி அறை, தூக்குவதற்குத் தள்ளுவண்டி, சில்லறை மாற்றித் தருவதற்கென்றே தளத்தில் சுற்றும் ஊழியர்கள். 2000க்குப் பிறகு டிக்கெட் முறை பரவியதும் இத்தனை செலவும் ஒரே காகிதத் துண்டில் முடிந்துபோனது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது, அதுதான் ஆடுகிறவரை உறுத்த வேண்டிய விஷயம். ஒரு சென்ட் காசை அள்ளி அள்ளிப் போடவைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது, காசே இல்லை என்றானதும் ஒரு சென்ட் மிஷின் வைப்பது சுலபமாகிவிட்டது. அந்தப் பென்னி மிஷின்கள்தான் போட்ட பணத்தில் அதிக பங்கைக் காசினோவுக்குப் பிடித்துக்கொள்பவை, டாலர் மிஷின்களைவிட அதிகம். மலிவாகத் தெரிவதுதான் விலை கூடியது.

இந்த மிஷின்களின் வயதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் மெக்கானிக்காக இருந்த சார்லஸ் ஃபே 1890களில் செய்த 'லிபர்ட்டி பெல்'லில் அதிகபட்சப் பரிசு பத்து நிக்கல் காசு, அதாவது 50 சென்ட். 1963இல் பாலி நிறுவனத்தின் 'மணி ஹனி' வந்தது. அதில் ஊழியர் யாரும் வராமலே மிஷினே 500 காசு வரை கொட்டும். அந்தக் கொட்டல்தான் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் காசினோவின் பின்னணி இசை. எல் கோர்டெஸ் 1941இல் திறந்த இடம், 2013இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்ந்தது, அதனால் பழைய மிஷின் அங்கே பொருத்தமாகவே இருந்தது. கண்காட்சி மாதிரி கண்ணாடிக்குள் வைக்காமல் ஆடவிட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கப்பை மடியில் இடுக்கிக்கொண்டு, மிஷினைப் பார்க்காமலே விரலால் தடவிக் காசு போட்டார். எத்தனை வருஷப் பழக்கமோ.

குறை என்று பார்த்தால், காசு மிஷின் என்றாலே சில விஷயங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில காசுகளை அது ஏற்காது, தட்டில் திருப்பிப் போடும், எடுத்துத் துடைத்து மறுபடி போட வேண்டும். மிஷினும் பெரிதாக எதுவும் காட்டாது, மூன்று உருளை, சில படங்கள், அவ்வளவுதான், போனஸ் சுற்று, கார்ட்டூன் எல்லாம் பழகியவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வரும். இங்கே மட்டும் ஜெயிக்கிற வாய்ப்பு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இதுவும் காசினோ லாபத்துக்காக வைத்த மிஷின்தான். இருபது டாலரோடு நிறுத்த முடியும் என்றால் மட்டும் போங்கள்.

போகிறவர்கள் ஈரத் துடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கை பட்ட காசோ, அரை மணி நேரத்தில் விரலெல்லாம் கரிப்பிடித்த மாதிரி கறுத்துவிடுகிறது. தெரியாமல் நெற்றியையும் சட்டையையும் தடவிக்கொண்டேன், வெள்ளைச் சட்டை, இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.