கல்லடியில் ஓர் இலக்கிய வகுப்பு: இரண்டு வருடம் போனவளின் அபிப்பிராயம்

உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கப்போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு எங்க கா கிளாஸ் இருக்கு?" களுவாஞ்சிக்குடியில் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் பஸ் ஏறி, மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில் ஒரு வீட்டு வளவுக்குள் நடக்கும் இந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

சனிக்கிழமை காலை மூன்று மணித்தியாலம், மாதம் 2,500 ரூபாய். தகரக் கூரை, நீட்டு வாங்கு, இருபத்திரண்டு பேர்.

முதல் மாதம் நோட்ஸே தரவில்லை. எனக்குக் கோபம்தான். சேர் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தை எடுத்து, ஒதெல்லோவைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்யும் இயாகோ தனியாக நின்று பேசும் இடங்களை மட்டும் எங்களை வாசிக்க வைத்தார். மேடையில் ஒருவன் தன் சூழ்ச்சியைத் தானே சொல்லிக்கொண்டிருப்பது சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. "ஏன் மனே சிரிக்கிறாய்? கூத்துப் பார்க்கல்லையா? களரிக்குள்ள வாறவன் தான் ஆர் என்டு வரவுப் பாட்டில சபைக்குச் சொல்றானே, அப்ப சிரிச்சியா?" என்றார். ஊர்க் கோயிலில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. இயாகோ பேசுவது என்னோடு. ஒதெல்லோவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்க முடியாது. நான்காம் அங்கம் முழுக்க அந்த அந்தரத்தோடுதான் வாசித்தேன்.

அப்புறம் ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த அந்தக் கைக்குட்டை. மூன்றாம் அங்கத்தில் ஒதெல்லோ சொல்கிறான், அதை ஓர் எகிப்தியப் பெண் என் தாய்க்குக் கொடுத்தாள் என்று. ஐந்தாம் அங்கத்தில் அதே கைக்குட்டையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். இதைச் சேர் சொல்லித்தரவில்லை. "ரெண்டு இடத்தையும் தேடிப் பிடிங்க" என்று விட்டுவிட்டார். எது உண்மை, முதலில் டெஸ்டிமோனாவைப் பயமுறுத்தவா அப்படிச் சொன்னான் என்று இரண்டு சனிக்கிழமை சண்டை பிடித்தோம். விடை இன்றுவரை சொல்லவில்லை.

ஒருநாள் மதங்கசூளாமணி பிரதியொன்றைக் கொண்டு வந்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துத் தமிழில் ஆராய்ந்த நூல். அதில் ஷேக்ஸ்பியருக்குப் பெயர் செகசிற்பியார்! அடிகளாரின் சமாதி இருக்கும் கல்லடியிலேயே இருந்து அதைக் கேட்டபோது, ஷேக்ஸ்பியர் ஏதோ கொழும்புப் பிள்ளைகளின் சொத்து என்று நான் நினைத்திருந்தது கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

நாவலுக்கு வருவோம். ஜேன் ஆஸ்டினின் பிரைட் அன்ட் பிரெஜுடிஸ், 1813இல் வந்தது. ஐந்து பெண் பிள்ளைகள் உள்ள பென்னட் குடும்பத்தின் வீடும் நிலமும், தகப்பன் செத்தால், எங்கோ இருக்கும் கொலின்ஸ் என்ற ஆண் உறவினருக்குப் போகும். எங்களுக்கு இது தலைகீழ். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். பின் வாங்கில் இருந்த ஒருத்தி, "சேர், அப்ப அந்தம்மா மாப்பிள்ளை தேடி ஓடித்திரியிறது நியாயம்தானே?" என்றாள். அதுவரை பென்னட் அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தோம். அன்று முழுக்க அவர் பக்கம் நின்று வாதாடினோம். இரண்டாவது மகள் எலிசபெத்தின் சிநேகிதி, 27 வயது சார்லட் அந்தக் கொலின்ஸையே கட்டிக்கொண்டதும் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

இவ்வளவு நன்றாகப் போன வகுப்பு நேரத்தை மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. நாவலில் 61 அத்தியாயம். எலிசபெத் பெம்பர்லி மாளிகையைப் பார்க்கும் 43ஆவது வரைக்கும் வரி வரியாக வந்தோம். பிறகு பரீட்சை நெருங்கிவிட்டது. கடைசி மகள் லிடியா ஓடிப்போனதே எங்களுக்கு வாட்ஸ்அப் குரல்பதிவில்தான் வந்து சேர்ந்தது. கவிதைகள் இன்னும் மோசம், நான்கு கிழமையில் முடித்தார். கட்டுரை எழுதிக் கொடுத்தால் திருத்தி வர ஒரு மாதம். எழுதிப் பழகாமல் பேச்சுத் திறமையை மட்டும் வைத்து என்ன செய்வது? கடந்தகால வினாத்தாள்களை நானும் இரண்டு சிநேகிதிகளும் வீட்டில் நேரம் வைத்துச் செய்ததால் தப்பினோம்.

கடைசி நேரத்தில் 140 பக்க நோட்ஸ் ஒன்று போட்டோக்கொப்பியில் வந்தது, காசு வேறாக. வாங்க வேண்டாம். எல்லோருடைய மொடல் பேப்பரிலும் ஒரே வசனம் வந்து நின்றது.

முதல் வருடத்திலேயே சேர்கிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், போங்கள். இரண்டாம் தடவை எழுதுகிறவர்கள், ஆறு மாதம்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. தங்கச்சி தை மாதம் சேர்கிறாள். அவளுக்கு என் பழைய ஒதெல்லோவைக் கொடுத்திருக்கிறேன், ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். முன் வாங்கில் இடம் பிடிக்கவும் சொல்லியிருக்கிறேன், பின்னுக்கு ஃபேன் காற்று வராது.