மாசிடோனிசிமோ: மிச்ர சாபு தெரிந்த காதுக்கு ஒரு ஆல்பம்

நாட்டார் பாட்டைப் பியானோவில் ஏற்றும்போது மெட்டு எப்படியோ தப்பித்துவிடும், அடிபடுவது தாளம்தான். ஏழு எண்ணிக்கை எட்டாக உருண்டுவிடும், ஆட்டப்பாட்டு வரவேற்பறைப் பாட்டாகிவிடும். லின் ரெக்கார்ட்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘மாசிடோனிசிமோ’வில் அந்த விபத்து நேரவில்லை. அதற்கான முழுப் பெருமையும் பான்டே ஷாஹோவுக்கு. 1973-இல் பிறந்த மாசிடோனிய இசையமைப்பாளர், லண்டனில் வாழ்கிறவர். போலந்து இசையமைப்பாளர் சோப்பினுக்கு அஞ்சலியாக ஒரு பியானோத் தொகுப்பும் எழுதியவர். சொந்த நாட்டின் மெட்டுகளை எடுத்து, ஐந்து பேர் வாசிக்கும் அரங்க இசையாக இங்கே எழுதியிருக்கிறார்.

பியானோவில் சிமோன் திர்ப்செஸ்கி. கிளாரினெட், சாக்ஸபோன், கவால் என்ற நாட்டார் குழல் மூன்றும் ஹிதான் மமூதோவ் கையில். வயலின் அலெக்ஸாந்தர் க்ரபோவ்ஸ்கி, செல்லோ அலெக்ஸாந்தர் சோமோவ், தாளக் கருவிகள் வ்லாட்கோ நுஷேவ்.

வட மாசிடோனியாவின் வட்ட ஆட்டத்துக்கு ‘ஓரோ’ என்று பெயர். அதன் தாளங்கள் நம் காதுக்கு அந்நியமே இல்லை. ‘லெஸ்னோதோ’ ஏழு எண்ணிக்கை, 3+2+2. ‘தகிட தகதிமி’ என்று சொல்லிப் பார்த்தால் அப்படியே நம் கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளம். ‘பைதுஷ்கோ’ ஐந்து, 2+3, அதாவது ‘தக தகிட’, கண்ட சாபுவேதான். இந்தப் பழக்கம் ஒரு பெரிய அனுகூலம், ஆனால் ஒரு பொறியும் அதில் இருக்கிறது. ‘ரசெனிட்சா’வும் ஏழுதான், அதன் வரிசையோ 2+2+3. நீளமான அடி கடைசியில் விழும். மிச்ர சாபு ஊறிய கை முதல் அடியிலேயே ‘தகிட’ போடப் பார்க்கும், ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது ஒரு தாளச் சுற்றுக்குள், சமம் என்ற தொடக்க அடி நழுவிவிடும். மிச்ர சாபுவைத் திருப்பிப்போட்ட விலோம சாபுவை நினைத்துக்கொண்டு ‘தகதிமி தகிட’ என்று எண்ணினால் சரியாக உட்காரும்.

பதினொன்று இன்னும் கடினம்: 2+2+3+2+2. வேகமான ஓரோவில் பதினொன்றையும் எண்ண நினைப்பது வீண். ஐந்து அடியாக எடுத்துக்கொள்ளுங்கள்: குறில், குறில், நெடில், குறில், குறில். முதல் முறை கேட்கும்போது அந்த நெடிலுக்கு மட்டும் தொடையில் தட்டினால் போதும், மற்றவை தாமாக வந்து சேரும்.

ஷாஹோவின் கைவண்ணம் தெரிவது இங்கேதான். பியானோவுக்கு அவர் எழுதியிருப்பது இலேசான பகுதி அல்ல. நல்ல கச்சேரிக் கலைஞருக்கே வியர்க்கும். ஜாஸ் சாயலில் ஸ்வர அடுக்குகள் வருகின்றன, வயலினும் கிளாரினெட்டும் துரத்தும் ஓட்டங்கள் வருகின்றன. இவ்வளவுக்கும் நடுவில் நெடில் அடி எங்கே என்று ஒருபோதும் சந்தேகம் வராது.

தாள ஒலியை உன்னித்துக் கேளுங்கள். ‘தாபான்’ இருமுகப் பறை. ஒரு முகத்தில் ‘குகுதா’ என்ற தடித்த கோல், மறுமுகத்தில் ‘ப்ராச்கா’ என்ற மெல்லிய குச்சி. ஊரில் ஸுர்லா என்ற ஊதுகுழல் வாசிப்பவரோடு இதுதான் கூட்டுச் சேரும்; நம் நாகஸ்வரமும் தவிலும் போன்ற ஜோடி. தடித்த கோல் ‘தும்’ என்று அடியை ஊன்றும், மெல்லிய குச்சி அடுத்த அடிவரை சடசடவென்று இடைவெளியை நிரப்பும். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இந்த ‘தும்’ காணாமல் போய்விடும், சடசடப்பு மட்டும் மிஞ்சும். அப்போது எல்லா அடியும் ஒரே நீளமாகத் தோன்றும். ‘தாளம் புரியவில்லை’ என்று ஒதுக்குவதற்கு முன் நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சுருதி விஷயத்தில் ஒரு வரம்பு உண்டு, அது ஷாஹோவின் குறையல்ல. பால்கன் பாட்டுகளில் அடிக்கடி வரும் ஹிஜாஸ் என்ற ஸ்வர வரிசையின் சாயல் நம் மாயாமாளவகௌளை ராகத்தின் பூர்வாங்கத்தை, அதாவது முதல் பாதியைப் போன்றது: ச, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம். கவாலும் கிளாரினெட்டும் அந்த ஸ்வரங்களுக்கு நடுவில் வழுக்கிப் போகும். பியானோவுக்கு அந்த வழுக்கல், அதாவது கமகம், கிடையாது. உதிரி ஸ்வரங்களாலும் நடுக்கத்தாலும் அதைத் தொட்டுக்காட்டத்தான் முடியும். அதனால் மெதுவான பகுதிகளில் என் மனம் போவது மமூதோவ் பக்கம்தான். கவால் இரு முனையும் திறந்த குழல், விளிம்பில் சாய்த்து ஊதுவது; ஸ்வரத்தோடு மூச்சுக்காற்றும் சேர்ந்து வரும். பியானோ அடர்த்தியாகும் இடங்களில் அந்தக் காற்றோசை அமுங்கிவிடுகிறது. இந்த ஆல்பத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை இது.

இந்தத் தாளங்களைத் தாமே வாசித்துப் பார்க்க விரும்பும் பியானோ மாணவர்களுக்கு: அழுத்தம் இல்லாமல் சமமாகத் தட்டும் மெட்ரோனோம் உதவாது. எட்டில் ஒரு பங்கு நீள ஸ்வரத்தை (eighth note) அலகாக வைத்து, லெஸ்னோதோவுக்கு 1, 4, 6-ஆம் தட்டுகளிலும், பதினொன்றுக்கு 1, 3, 5, 8, 10-ஆம் தட்டுகளிலும் அழுத்தம் வையுங்கள். இடது கையை மட்டும் பாதி வேகத்தில், அழுத்தம் தானாக விழும்வரை வாசியுங்கள். வலது கையை அவசரமாகச் சேர்த்தால் ‘3’ நீண்டு ‘4’ ஆகும், ஏழு எட்டாகிவிடும். மெட்டு அப்போதும் இனிமையாகவே ஒலிப்பதால் தவறு காதில் படாது. எழுந்து நின்று காலால் நடந்து பாருங்கள்: லெஸ்னோதோவுக்கு நீண்ட காலடி ஒன்று, குறுகிய காலடி இரண்டு. கால் தடுமாறும் இடத்தில்தான் கை தவறியிருக்கும்.

கிரில் மாகெடோன்ஸ்கியின் ‘கோத்செ’, முதல் மாசிடோனிய ஓபரா, மேடையேறியதே 1954-இல்தான். இத்தனை இளைய அரங்க இசை மரபுக்கு முதல்முறை காது கொடுப்பவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை, இந்த ஆல்பத்தில் தொடங்கலாம். முதலில் வேகமான ஓரோ ஒன்று, அடுத்து கவால் வரும் மெதுவான பகுதி ஒன்று. பிறகு முழுவதையும் வரிசையாக.