30 கிலோ ட்வினை வித்துட்டு பிரின்ஸ்டன் வாங்கினேன்: பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ல எது நமக்கு சரி?

போன அக்டோபர்ல என்னோட 1974 ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பை, அதாவது பல்பு மாதிரி கண்ணாடி வால்வு வெச்சு கிட்டார் சத்தத்தை பெருக்கற பொட்டியை, வித்துட்டேன். வாங்க வந்த பையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மூணு மாடி இறக்கினோம், ரெண்டாவது மாடி திருப்பத்துல அவன் சுவத்துல சாஞ்சு மூச்சு வாங்கினப்ப எனக்கு லேசா பாவமா இருந்துச்சு, ஆனா காசை ஏற்கனவே எண்ணி பாக்கெட்ல வெச்சுட்டேன். அந்தக் காசோட கைக்காசும் போட்டு அதே கம்பெனியோட சின்ன ஆம்ப், 1976 பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஒண்ணு எடுத்தேன். ஆமா, கைக்காசு போட்டுதான். பெருசை வித்து சின்னதை வாங்க நாமதான் மேல குடுக்கணும், இந்த மார்க்கெட் அப்படித்தான். அபார்ட்மெண்ட்ல வாசிக்கறவன் கூடிட்டான், ட்வினை தூக்கறதுக்கு இடுப்பு உள்ளவன் குறைஞ்சுட்டான், அவ்ளோதான் கணக்கு.

நான் இருக்கறது நியூஜெர்சியில. வாரநாள்ல ராத்திரி ஒரு மணி நேரம் வீட்ல வாசிப்பேன், மாசத்துக்கு ரெண்டு தடவ நண்பனோட கராஜ்ல நாலு பேர் சேர்ந்து ரிகர்சல், வருஷத்துக்கு மூணு நாலு மேடை. இதே மாதிரி நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் இந்த அலசல். ஸ்டேடியத்துல வாசிக்கறவங்க இதுக்கு மேல படிக்க வேண்டாம்.

சவுண்டை பத்தி சுருக்கமா முடிச்சுடறேன். ட்வின் எவ்ளோ தூரம் வால்யூம் ஏத்தினாலும் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும், அதுக்குத்தான் அது. நாலு 6எல்6 பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டற பெரிய வால்வு), ரெண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், 74 மாடல்ல 100 வாட். பிரின்ஸ்டன்ல ரெண்டே ரெண்டு 6வி6 பவர் வால்வு, ஒரு 10 இன்ச் ஸ்பீக்கர், 12 வாட். அஞ்சு ஆறுக்கு மேல வால்யூம் வெச்சா கொரகொரன்னு இனிமையா உடைய ஆரம்பிக்கும், விரலை மெதுவா போட்டா திரும்ப சுத்தமாயிடும். ட்ரெமலோ, அதாவது சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கற எஃபெக்ட், ரெண்டுலயும் இருக்கு (ஃபெண்டர்காரன் அதுக்கு வைப்ரேட்டோன்னு தப்பா பேர் போட்டு வெச்சிருக்கான், அது தனிக்கதை). ட்வின்ல அது லைட் செல் வெச்சு வேலை செய்யும், கொஞ்சம் வெட்டு வெட்டா கேக்கும். பிரின்ஸ்டன்ல பவர் வால்வோட பயஸையே (வால்வை அடக்கி வெக்கற மைனஸ் வோல்ட்டை) ஆட்டி விடறதால ஊஞ்சல் மாதிரி மெத்துன்னு வரும். எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, உங்களுக்கு மாறலாம்.

வாட் விஷயத்துல மட்டும் ஒரு தப்பான நினைப்பு எல்லார்ட்டயும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. 100 வாட்ல இருந்து 12 வாட்டுக்கு வந்தா சத்தம் எட்டுல ஒரு பங்காயிடும்னு நெனப்போம். காதுக்கு அப்படி கேக்காது. வாட் பாதியானா 3 டெசிபல்தான் குறையும், நம்ம காதுக்கு சத்தம் பாதியா தெரியணும்னா சுமாரா 10 டெசிபல் குறையணும். 100-க்கும் 12-க்கும் வித்தியாசம் 9 டெசிபல் சில்லறை. அதாவது பிரின்ஸ்டன் ட்வினோட பாதி சத்தத்துக்கு கொஞ்சம் மேலயே போடும். ஸ்பீக்கர் வித்தியாசத்தால இன்னும் கொஞ்சம் குறையும், சரி. ஆனா வீட்ல வாசிக்கறதுக்கு 12 வாட்டே ஜாஸ்தி. ட்வின்ல நான் ரெண்டு வருஷமா வால்யூமை மூணுக்கு மேல திருப்பினதே இல்ல. கீழ்வீட்டு பாட்டி ஒரு தடவ கேசரி டப்பாவை திருப்பிக் குடுக்க வந்தப்ப ரொம்ப மரியாதையா, "தம்பி, நீங்க நல்லா வாசிக்கிறீங்க, எங்களுக்கு எல்லாமே கேக்குது"ன்னாங்க. அதுக்கு மேல என்ன சொல்லணும்.

எனக்கு முடிவை எடுத்துக் குடுத்தது சவுண்டும் இல்ல, வாட்டும் இல்ல. பராமரிப்பு.

அம்பது வருஷ பழைய ஆம்ப்னா வாங்கற விலை முதல் தவணை மாதிரிதான். நான் ட்வினை 850 டாலருக்கு வாங்கினேன், ரெண்டு வருஷத்துல சர்வீசுக்கு மட்டும் 430 போச்சு. முதல்ல ஹம். ஆன் பண்ணதும் "ம்ம்ம்ம்"னு ஒரு உறுமல், வால்யூமை ஜீரோ வெச்சாலும் போகல. மெக்கானிக் எழுபது தாண்டின மனுஷன், ஒரு காலத்துல டிவி ரிப்பேர் பண்ணவர், காதை வெச்சு கேட்டதுமே ஃபில்டர் கெபாசிட்டர்னுட்டார். ஊர்ல ரேடியோ மெக்கானிக் கண்டன்சர்னு சொல்வாரே, அதேதான். இங்க கரண்ட் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), அதை டிசி ஆக்கறப்ப 120 சைக்கிள் நெளிவு வரும், அதை தேய்ச்சு சமமாக்கறது இந்த கண்டன்சர் வேலை, அது காஞ்சு போச்சுன்னா நெளிவு அப்படியே ஸ்பீக்கருக்கு போயிடும். (இங்க அந்த உறுமல் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவுல எந்த ஸ்வரத்துலயும் சேராம நிக்கும். நம்ம ஊர்ல 50 சைக்கிள்ங்கறதால 100, ஜி-க்கு கொஞ்சம் மேல. ஜி-ல பாடறவங்களுக்கு ஊர் ஹம்மே சுருதிப்பொட்டி மாதிரி.)

ட்வினை கவுத்துப் போட்டு சேசிஸ்ல இருக்கற தகர மூடியை கழட்டினார். உள்ள அஞ்சு கண்டன்சர், வரிசையா. அதுல ரெண்டு தலைப்பக்கம் பொங்கி, சுத்தி தேன் காஞ்ச மாதிரி பழுப்பா ஏதோ கசிஞ்சிருந்துச்சு. 74-ல ஃபேக்டரியில போட்டதே இன்னும் மாத்தாம ஓடிட்டிருந்திருக்கு. இதெல்லாம் 15, 20 வருஷத்துல மாத்த வேண்டிய சாமான். ஒண்ணு சொல்லிடறேன், பிளக்கை புடுங்கிட்டாலும் இதுக்குள்ள 450 வோல்ட் வாக்குல நின்னுட்டிருக்கும், யூட்யூப் பாத்து ஸ்க்ரூடிரைவரை விட்டுடாதீங்க. அவர் முதல்ல ஒரு ரெசிஸ்டரை வெச்சு சார்ஜை இறக்கி, மீட்டர்ல ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கையையே வெச்சார். ஒரு கையை பேண்ட் பாக்கெட்லயே வெச்சிருந்தார், அது பழைய ஆளுங்க பழக்கமாம்.

அது முடிஞ்சு எட்டு மாசத்துல ரெண்டாவது சம்பவம். கராஜ்ல ரிகர்சல், நான் கண்ணை மூடிட்டு சோலோ வாசிச்சிட்டிருக்கேன், பின்னாடி இருந்து எங்க ட்ரம்மர் கத்தறான், "டேய் மாப்ளே, உன் பொட்டிக்குள்ள அடுப்பு எரியுதுடா!" திரும்பிப் பாத்தா நாலு 6எல்6-ல ஒண்ணு மட்டும் உள்ள தகடு செக்கச்செவேல்னு, கொல்லன் உலையில காச்சின இரும்பு மாதிரி. வால்வோட கிரிடுக்கு (உள்ள இருக்கற கம்பி வலைக்கு) மைனஸ் 50 வோல்ட் வாக்குல எப்பவும் வந்துட்டே இருக்கணும், அதுதான் பயஸ், வால்வுக்கு கடிவாளம். சாக்கெட்ல ஒரு பின் லூசாகி கடிவாளம் அறுந்து போச்சு, வால்வு தன் இஷ்டத்துக்கு கரண்டை இழுத்துடுச்சு. ஒரு வால்வு போனா ஒண்ணை மட்டும் மாத்தறது நல்லதில்ல, நாலும் ஒரே அளவு கரண்ட் இழுக்கற மேட்ச்டு செட்டா வாங்கணும். 2022 மார்ச்ல ரஷ்யாவுல இருந்து ஏற்றுமதி நிக்குதுன்னு செய்தி வந்ததும் வால்வு விலை ஏறினது ஞாபகம் இருக்கும். கிட்டார்காரங்க வாங்கற புது வால்வு பெரும்பாலும் ரஷ்யாவோட சரடோவ், ஸ்லோவாக்கியா, சீனா, இந்த மூணு இடத்துல இருந்துதான் வருது, ஒரு இடம் தும்மினா நமக்கு ஜலதோஷம்.

இப்ப எண்ணிப் பாருங்க. ட்வின்ல மொத்தம் 10 வால்வு, பிரின்ஸ்டன்ல 7. சின்ன வால்வெல்லாம் வருஷக்கணக்கா ஓடும், தேயறது பவர் வால்வுதான், அது அங்க நாலு, இங்க ரெண்டு. கண்டன்சர் அங்க அஞ்சு, இங்க ஒரே டப்பா, அதுக்குள்ளயே நாலு பிரிவு. அதோட முக்கியமான விஷயம், மெக்கானிக்கோட ஒர்க்‌ஷாப் பேஸ்மெண்ட்ல இருக்கு, பன்னெண்டு படி இறங்கணும். ட்வினுக்கு போன் பண்ணப்பல்லாம் அவர் கேட்ட முதல் கேள்வி, கூட ஒரு ஆளை கூட்டிட்டு வர்றியான்னுதான். அவருக்கும் தூக்க முடியாது, எனக்கும் முடியாது, ட்ரம்மரை கெஞ்சி கூட்டிட்டு போகணும், அவனுக்கு பிரியாணி வாங்கித் தரணும். அதனாலயே சின்ன சின்ன கோளாறையெல்லாம் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டதாலதான் அந்த சாக்கெட் பின் அந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு நெனைக்கறேன், ஏன்னா ரெண்டு மாசமா அது படபடன்னு சத்தம் குடுத்துட்டுதான் இருந்துச்சு. பிரின்ஸ்டன் 15, 16 கிலோ. ஒரு கையில தூக்கிட்டு பன்னெண்டு படியும் இறங்கிடலாம்.

பிரின்ஸ்டன்லயும் குறை இல்லாம இல்ல. 6வி6 வால்வுக்கு கம்பெனி குடுத்த அளவு 350 வோல்ட் வரைக்கும்தான், ஃபெண்டர்காரன் அதுல 400-க்கு மேல ஏத்தி வெச்சிருக்கான், அந்தக்கால அமெரிக்க வால்வு தாங்கிச்சு, இப்ப வர்ற எல்லாமும் தாங்காது, பாத்து வாங்கணும். பயஸ் அட்ஜஸ்ட் பண்ண திருகாணியே கிடையாது, நம்ம மெக்கானிக் அதுக்கு ஒரு சின்ன பாட் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) சேர்த்துக் குடுத்தார். அப்புறம் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி சத்தம். ட்ரம்மர் பலமா அடிக்க ஆரம்பிச்சா, நாமளும் வால்யூமை ஏழு எட்டுக்கு தள்ளினா, கீழ் ஸ்ட்ரிங் ரெண்டும் கொழகொழன்னு ஆயிடும், சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 10 இன்ச் ஸ்பீக்கர், அவ்ளோதான் முடியும். மேடையில முன்னாடி மைக் வெச்சுடறேன், பிரச்சனை இல்ல. மைக் இல்லாத ஹால்ல, தவில் மாதிரி ட்ரம்ஸ் அடிக்கற ஆளோட வாசிக்கறதா இருந்தா இதை வாங்காதீங்க, டீலக்ஸ் ரிவெர்ப் வாங்குங்க.

உண்மையான போட்டி ஃபெண்டரோட நடு சைஸ் ஆம்ப், டீலக்ஸ் ரிவெர்ப்தான். 22 வாட், 12 இன்ச், 19 கிலோ, அதே 6வி6 ரெண்டு. நியாயமா பாத்தா எல்லாருக்கும் பொருந்தற ஆம்ப் அது. ஆனா பழசு விலை பிரின்ஸ்டனையும் தாண்டி நிக்குது, வால்வும் 9, என் பட்ஜெட்ல வரல.

இங்கிலாந்து ஆம்ப் வாக்ஸ் ஏசி30 மேல எனக்கு சின்ன வயசுல இருந்தே ஒரு கண்ணு. அதை நான் ஒரு ரிகர்சல் ரூம்ல ரெண்டு மணி நேரம் வாசிச்சதோட சரி, அதனால ஓரளவுக்கு மேல பேச மாட்டேன். முதல்ல ஏசி15தான் இருந்துச்சு, தி ஷாடோஸ் குழுவுக்கு கூட்டத்தோட கூச்சல்ல அது பத்தலன்னு வாக்ஸ் இன்ஜினியர் டிக் டென்னி 1959 வாக்குல அதை ரெட்டிப்பாக்கினதுதான் ஏசி30. மணி மாதிரி கிணுகிணுன்னு ஒரு சவுண்டு, ஃபெண்டர்ல வராது. ஆனா அதுல இருக்கற நாலு இஎல்84 பவர் வால்வும் எப்பவும் முழு சூட்டுல ஓடும், வாசிச்சாலும் வாசிக்காட்டியும், அதனால வால்வை சீக்கிரம் தின்னும்னு வெச்சிருக்கறவங்க எல்லாரும் சொல்றாங்க. வெயிட்டோ ட்வினுக்கும் மேல. ஒரு பேய்கிட்ட தப்பிச்சு இன்னொரு பேய்கிட்ட போறதா? மார்ஷல் கம்பெனியோட 50 வாட், 100 வாட் ஆம்ப் பத்தியெல்லாம் யோசிக்கவே இல்ல, பாட்டிக்கு தெரிஞ்சா கேசரி நின்னுடும்.

புதுசா வர்ற ரீஇஷ்யூ (பழைய மாடலை திரும்ப செய்யற) பிரின்ஸ்டன் நல்லாத்தான் இருக்கு, வாரண்டி உண்டு. ஆனா உள்ள சர்க்யூட் போர்டு. பழசுல அட்டை மேல ஒவ்வொரு ரெசிஸ்டரும் தனித்தனியா கண்ணுக்கு தெரியற மாதிரி கையால சால்டர் பண்ணிருக்கும், கெட்டுப் போனதை மட்டும் எடுத்துட்டு புதுசு வெச்சுடலாம், அம்பது வருஷம் கழிச்சும். 2019-ல வந்த ஃபெண்டரோட டோன் மாஸ்டர் டீலக்ஸ், வால்வே இல்லாத டிஜிட்டல், பத்தரை கிலோதான், சத்தத்தையும் சுவிட்ச் வெச்சு குறைக்கலாம். எங்க பேஸ் கிட்டார்காரன் வெச்சிருக்கான், கண்ணை மூடிட்டு கேட்டா சில சமயம் எனக்கே வித்தியாசம் தெரியல, ஒத்துக்கறேன். முதுகு வலி உள்ளவங்க யோசிக்காம அதை எடுங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு உள்ள போர்டு போனா என்ன பண்றதுங்கறது மட்டும்தான் எனக்கு இடிக்குது.

ஊருக்கு கொண்டு போற எண்ணம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்க மாடல் 120 வோல்ட், அங்க 230, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 60 சைக்கிளுக்கு செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர் 50 சைக்கிள்ல கொஞ்சம் கூடவே சூடாகும், அதனால பெருசாவே பாத்து வாங்குங்க. ட்வினுக்கு வாங்கற ஸ்டெப் டவுனே ஒரு சின்ன ஆம்ப் வெயிட் வரும், பிரின்ஸ்டனுக்கு கைக்கு அடக்கமானதே போதும். 60-கள்ல வந்த ரெண்டு முள் பிளக் ஆம்ப்னா, எங்க இருந்தாலும் சரி, எர்த் உள்ள மூணு முள் வயர் மாத்தாம கிட்டாரை சொருகாதீங்க. வால்வுக்கு ஊர்ல வழியில்லன்னு நெனைக்காதீங்க, பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி ஒரு காலத்துல ரேடியோவுக்கு வால்வு செஞ்சவங்கதான், அவங்க பழைய ஈசிசி83 வால்வை இங்க நியூஜெர்சியில ஒரு கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சு விக்கறான். எங்க அப்பா ரேடியோவுலயும் பெல் வால்வு இருந்திருக்கலாம், ஆன் பண்ணா செய்தி வர்றதுக்குள்ள காபி ஆத்திடலாம்.

பிரின்ஸ்டன் வந்து ஆறு மாசமாச்சு. முந்தாநாள்ல இருந்து ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) விட்டு விட்டு வருது, அதுக்கான ஸ்பிரிங் இருக்கற டேங்குக்கு போற வயர் லூசுன்னு நெனைக்கறேன். சனிக்கிழமை காலையில மெக்கானிக்கிட்ட கொண்டு போறேன். போன்ல அவர் வழக்கம் போல கூட ஆள் வருதான்னு கேட்டார், இல்ல, நான் மட்டும்தான்னேன்.