படுக்கையறைச் சுவர்: இளநீலமா, சாம்பல் பச்சையா?

நீலம் அமைதி தரும், சிவப்பு சூடேற்றும் என்பதெல்லாம் பாதிக் கதை. 1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நிறம் எது என்பதைவிட அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பதே மனநிலையை அதிகம் அசைத்தது. பளீரென்ற பச்சையும் தூங்க விடாது. சிவப்பு, பளிச் மஞ்சள் இரண்டையும் யோசிக்கவே வேண்டாம். இளஞ்சிவப்பு அடித்தால் ஆவேசம் தணியும் என்று 1979-இல் அமெரிக்கக் கடற்படைச் சிறை ஒன்றில் கிளம்பிய நம்பிக்கையும், 2015-இல் வெளியான சுவிட்சர்லாந்துச் சிறை ஆய்வில் நிற்கவில்லை.

மிச்சம் இளநீலம், சாம்பல் பச்சை இரண்டு ஷேடுகள்தான். பகலில் இரண்டும் சமம். இரவு விளக்கைப் போட்டதும்தான் இளநீலம் காலை வாரும்.

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு. விழாத ஒளியைச் சுவர் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? ஷேட் கார்டில் வானமாக இருந்தது அழுக்குச் சாம்பலாகிவிடும், அறையே சோர்ந்து தெரியும். சரிசெய்ய 6500 கெல்வின் வெள்ளை விளக்கு மாட்டினால் ஆஸ்பத்திரி வார்டுதான். போதாததற்கு, நீலம் மிகுந்த அந்த ஒளி தூக்கத்தையும் தள்ளிப்போடும். சாம்பல் பச்சையில் ஏற்கெனவே மஞ்சள் கலந்திருப்பதால், அதே 2700-இல் லேசாக ஆலிவ் பக்கம் சாயுமே தவிர செத்துப்போகாது. அதனால் என் ஓட்டு பச்சைக்கு.

பச்சைக்கும் ஒரு குறை உண்டு: சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் விழும். புதினா மாதிரி தெளிவான பச்சையென்றால் கண்ணாடியில் காய்ச்சல்காரர் முகம் தெரியும். சாம்பல் தூக்கலான ஷேடாக எடுங்கள். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரை மங்கலான வெள்ளையாக விடுங்கள்.

வாங்குமுன் 2 அடிக்கு 2 அடி அட்டையில் 2 கோட் அடித்துக் காயவிடுங்கள். சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை ஓரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றும். ஜன்னலுக்கு எதிரே ஒரு தடவை, ஜன்னல் உள்ள சுவரிலேயே ஒரு தடவை, இரவில் உங்கள் விளக்கில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். நாலு சுவரும் ஒன்றின் ஒளியை மற்றொன்றுக்கு அனுப்புவதால் அடித்தபின் நிறம் ஏறித் தெரியும். பிடித்ததைவிட ஒரு படி வெளிர் எடுப்பதே சரி.

மதிய வெயில் தாராளமாக விழுந்து, விளக்கும் 4000 கெல்வினாக இருந்தால் இளநீலம் தேறலாம். அப்போதும் அட்டையை இரவில் ஒருமுறை பார்த்துவிட்டே பெயின்ட் கலக்கச் சொல்லுங்கள்.