மறைப்பா, தள்ளாட்டமா?

தனுஷ்கோடி மணலில் படுத்தபடி மச்சான் கேட்டார்: "வேற பூமியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க?"

வழி இரண்டு. கலங்கரை விளக்கின் முன் கொசு பறந்தால் ஒளி துளி மங்குமே, அதுபோல கோள் தன் விண்மீனின் முன் கடக்கும்போது ஒளி மங்குவதுதான் மறைப்பு. 2009இல் ஏவிய கெப்ளர் தொலைநோக்கி இப்படியே ஆயிரக்கணக்கில் பிடித்தது. கோளின் அளவு தெரியும், சில சமயம் காற்றுமண்டலமும். ஆனால் கோள் நம் பார்வைக்கோட்டைக் கடக்க வேண்டும்; பூமி மாதிரிக் கோளுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 200இல் 1.

இன்னொன்று தள்ளாட்டம். கோள் இழுக்க, விண்மீன் நங்கூரமிட்ட வள்ளம்போல ஆடும். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலை அதைக் காட்டிக்கொடுக்கும். எடை தெரியும், அதுவும் குறைந்தபட்ச எடைதான். பூமி சூரியனை ஆட்டுவதோ நொடிக்கு வெறும் 9 செ.மீ. நம்ம கரை நண்டு அதைவிட வேகம்!

என் ஓட்டு தள்ளாட்டத்துக்கு. 4.2 ஒளியாண்டில் உள்ள பிராக்சிமா பி என்ற கோள் 2016இல் சிக்கியது அதில்தான்.